"பெரியவனானா இவன் என்ன ஆவான்?"

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைக்கு ஏடிஎச்டி இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும், பெற்றோர் பலருக்கு முதலில் எழும் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. "டாக்டர், பெரியவனானா இவன் என்ன ஆவான்?" என்பதுதான். கோலாலம்பூரிலும் அதே கேள்விதான், கிள்ளானிலும் அதே கேள்விதான். பக்கத்தில் பையன் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டிருப்பான்.

நம் வீடுகளில் இதற்குப் பதில் எப்போதோ தயார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார் தாத்தா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார் பாட்டி. கிளி ஜோசியரிடம் போனால் சில வெள்ளியில் ஒரு சீட்டு கிடைத்துவிடும். மருத்துவம் மட்டும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி, பலமுறை தன் பதிலை மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஏடிஎச்டி என்பது வெறும் சேட்டை அல்ல. கவனம் நிலைப்பதில்லை, உடல் சும்மா இருப்பதில்லை, யோசிப்பதற்கு முன்பே கை காரியத்தைச் செய்துவிடுகிறது. இவை வயதுக்கு மீறிய அளவில், வீட்டிலும் பள்ளியிலும் தொடர்ந்து இருந்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார்.

1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாத பிள்ளைகள் சிலர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாமல் தவிப்பதை விவரித்து, அதை 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்றார். பெயரைப் பாருங்கள், அதற்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய மூளைக் காய்ச்சலில் பிழைத்த பிள்ளைகள் பலர் அமைதியிழந்து திரிந்ததைக் கண்ட மருத்துவர்கள், எல்லாத் துறுதுறுப்புக்கும் மூளைச் சேதமே காரணம் என்று எண்ணத் தலைப்பட்டார்கள். சேதமடைந்த மூளைக்கு என்ன எதிர்காலம் சொல்வது?

1937-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 14 பேரின் பள்ளிப் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் பணியாற்றிய லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட் மருந்தை உருவாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. உலகெங்கும் பெற்றோர் பயத்தோடு உச்சரிக்கும் 'ரிட்டலின்' அந்த அம்மாளின் பெயரிலிருந்து வந்ததுதான்.

அதற்குப் பின் நம்பிக்கை ஓங்கியது. மீசை முளைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மருத்துவர்களே சொன்ன காலம் அது. உண்மையா என்று பார்க்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. பிள்ளைகள் வளரும் வரை காத்திருக்க வேண்டும். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் கேப்ரியல் வைஸ், லில்லி ஹெக்ட்மன் என்ற இரு பெண் மருத்துவர்கள் அப்படித்தான் காத்திருந்தார்கள். 1960-களில் வந்த பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், பாதிக்கு மேற்பட்டோரிடம் ஏதாவது ஒரு தொல்லை எஞ்சியிருந்தது.

நியூயார்க்கில் ரேச்சல் கிளைனும் சல்வத்தோர் மனுஸாவும் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். 33 ஆண்டுகள்! 2012-இல் வெளிவந்த முடிவில், சிறுவர்களாக வந்த 135 பேர் 41 வயது ஆண்களாக நிற்கிறார்கள். அந்தக் குறைபாடு இல்லாதவர்களைவிடச் சராசரியாக இரண்டரை ஆண்டு குறைவாகப் படித்திருந்தார்கள். நூற்றுக்கு 36 பேர் ஏதோ ஒரு காலத்தில் சிறைக்குப் போயிருந்தார்கள், மற்ற பிரிவில் 12 பேர். நடுங்க வைக்கும் கணக்குதான். ஆனால் மீதி 64 பேர் போகவே இல்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தார்கள். தவிர, அவர்கள் அனைவரும் வெள்ளைக்கார ஆண் பிள்ளைகள். அந்தச் சதவீதத்தை அப்படியே தூக்கிவந்து கிள்ளான் பையன் தலையில் வைப்பது நியாயமல்ல. அமைதியாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை.

அங்கே மருத்துவர்கள் இப்படிப் பின்தொடர்ந்த அதே காலத்தில், இங்கே ஆரூடம் சொன்னது மருத்துவமனை அல்ல, தேர்வு மண்டபம். 1964 வரை ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. தோற்றவனுக்கு வழக்கமான இடைநிலைப்பள்ளிக் கதவு திறக்காது. 1965-இல் அது போயிற்று. 1988-இல் யூபிஎஸ்ஆர் வந்தது. ஏழு 'ஏ' வாங்கிய பிள்ளைகளின் படங்களை நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வெளியிட்டது நினைவிருக்கும். பிரசுரிக்க வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் இருக்க முடியாத பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் இடம் கிடைப்பது அரிது. மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் தமிழ்ப்பள்ளி மாணவன் புகுமுக வகுப்பில் கூடுதலாக ஓர் ஆண்டு படிக்க வேண்டும். பள்ளியைக் கண்டாலே ஓடுபவனுக்குப் பள்ளியில் இன்னும் ஓர் ஆண்டு! நியூயார்க் ஆய்வில் கண்ட அந்த இரண்டரை ஆண்டு இழப்பை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டமும் ஆரூடம் சொல்லியது. 1997-இன் சிறப்புக் கல்வி விதிமுறைகள் 'கல்வி பெறத் தக்கவர்' யார் என்று வரையறுத்தன. பிறர் துணையின்றித் தன்னைக் கவனித்துக்கொள்ளக்கூடியவர், தேசியக் கல்வித் திட்டத்தைப் பின்பற்ற முடியும் என்று ஒரு குழு உறுதிசெய்தவர். மருத்துவர், கல்வி அமைச்சு அதிகாரி, சமூக நல அதிகாரி ஆகியோர் அந்தக் குழுவில் இருப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு மேசையில் தீர்மானிப்பது என்றால் இதுதான். 2013-இல் புதிய விதிமுறைகள் வந்தன. எந்தப் பிள்ளையையும் பள்ளி தள்ளக்கூடாது என்ற கொள்கை 2019-இல் வந்தது. 2021-இல் யூபிஎஸ்ஆர் எடுக்கப்பட்டது. ஏடிஎச்டி பிள்ளை பெரும்பாலும் அந்தக் குழுவின் முன் போனதே இல்லை. சாதாரண வகுப்பின் கடைசி வரிசையில், 'கெட்டிக்காரன்தான், ஆனா படிக்க மாட்டான்' என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருந்தான். இந்தக் குறைபாட்டுக்கெனச் சுகாதார அமைச்சின் வழிகாட்டி நூல் வந்ததே 2008-இல்தான், அதன் இரண்டாம் பதிப்பு 2020-இல்.

இனி நல்ல பகுதிக்கு வருகிறேன். எம்டிஏ என்ற பெரிய ஆய்வு வட அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயதுள்ள 579 பிள்ளைகளோடு தொடங்கியது. 1999-இல் முதல் முடிவு வந்தபோது, கவனமாகக் கொடுத்த மருந்து முன்னணியில் நின்றது. எட்டாண்டு கழித்துப் பார்த்தால், எந்தச் சிகிச்சைப் பிரிவில் தொடங்கினார்கள் என்பது எதையும் முன்னறிவிக்கவில்லை. மருந்து வீண் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். முதல் 14 மாதத்துக்குப் பின் அவரவர் விருப்பப்படி மருந்தைத் தொடர்ந்தார்கள் அல்லது விட்டார்கள். முன்னறிவித்தவை வேறு. தொடக்கத்தில் குறிகளின் கடுமை, அடிதடி போன்ற நடத்தைச் சிக்கல், அறிவுத்திறன், குடும்பத்தின் வசதி, எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் பிள்ளை அதற்கு எவ்வளவு இசைந்தது என்பது. குடும்பத்தின் வசதி என்ற சொல்லை நான் அடிக்கோடிடுவேன். அது பிள்ளையின் மூளைக்குள் இருப்பதல்ல.

2021-இல் அதே பிள்ளைகளில் 558 பேரின் 16 ஆண்டுப் பதிவுகளை மார்கரெட் சிப்லி குழுவினர் மீண்டும் அலசினார்கள். முழுதும் குணமாகி அப்படியே நிலைத்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். எப்போதும் மாறாமல் இருந்தவர்கள் 11 பேர். ஏறத்தாழ 64 பேருக்கு அது வந்து போய்க்கொண்டிருந்தது. ஓராண்டு தணியும், பிறகு தலைதூக்கும், மறுபடி தணியும். தாத்தாவின் பழமொழியும் சரியில்லை, 'மீசை முளைத்தால் சரியாகும்' என்ற அந்தக் கால ஆறுதலும் சரியில்லை. மழைக்காலம், வெயில்காலம் போல மாறி மாறி வரும் ஒன்றுக்கு எந்த ஜோசியம் பொருந்தும்?

ஆகவே கிள்ளானிலிருந்து கேட்கும் அம்மாவுக்கு என் பதில் இதுதான். என்ன ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாது. எப்போது கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். ஓராண்டு அமைதியாகப் போய்விட்டது என்பதற்காக மருத்துவமனை அட்டையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், அம்மா. முதலாம் படிவத்துக்குப் போகும் ஆண்டு, எஸ்பிஎம் எழுதும் ஆண்டு, முதல் வேலையில் சேரும் ஆண்டு, வீடு மாறும் ஆண்டு. இந்த நேரங்களில், பையன் நன்றாகவே இருந்தாலும், ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.