எட்டாயிர ரூபாய் டப்பாவும் மணவாளக்குறிச்சி மணலும்

போன வாரம் மகன் ஒரு சின்ன டப்பாவின் படத்தைக் காட்டி, "அப்பா, இது வேணும்" என்றான். போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் மாட்டுகிற கையடக்க ஆம்ப்ளிஃபயர். விலை எட்டாயிரத்துச் சொச்சம். வாங்கலாமா வேண்டாமா என்று தேட ஆரம்பித்தவன், கடைசியில் ஏலூரில் நான் தினமும் கடந்துபோகும் ஆலையின் வாசலில் வந்து நின்றேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1910-ல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். அதற்கு ஆம்ப்ளிஃபயரே கிடையாது. பாட்டுக் கேட்பதற்கென்று ஸ்டீரியோ ஹெட்போன் வந்தது 1958-ல், ஜான் காஸ் கைவண்ணத்தில். 1979-ல் வாக்மேன். அதோடு வந்த ஹெட்போன் இறகு மாதிரி லேசு.

எப்படி லேசானது? ஹெட்போனுக்குள் பெரிய ரகசியமெல்லாம் இல்லை. ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அதிர்கிற ஒரு மெல்லிய சவ்வு. காந்தம் பலமாக இருந்தால் கொஞ்சம் மின்சாரமே போதும், எடையும் குறையும். வாக்மேன் ஹெட்போனில் இருந்தது சமாரியம்-கோபால்ட் காந்தம். அதைவிட பலமான நியோடிமியம் காந்தத்தை ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்களும் தனித்தனியே கண்டுபிடித்து 1984 வாக்கில் ஆய்வுக்கட்டுரைகளாக வெளியிட்டார்கள்.

சமாரியம், நியோடிமியம் இரண்டும் அருமண் தனிமங்கள். இங்கேதான் நம்ம ஊர் மணல் வருகிறது.

நியோடிமியத்தை 1885-ல் முதலில் பிரித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் அவுர் வான் வெல்ஸ்பாக். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலுக்கு மூலவரும் இவரே! மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட் மணலில் கிடைக்கும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அப்புறமென்ன, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. (செந்தில் மேண்டிலை நசுக்கி கவுண்டமணியிடம் மாட்டிக்கொண்ட 'வைதேகி காத்திருந்தாள்' வந்ததும் 1984-ல்தான். மேண்டில் உடைந்த வருஷமும் காந்தம் வந்த வருஷமும் ஒன்றே :-) )

அந்த மணலைப் பக்குவப்படுத்தத்தான் ஏலூரில் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலை கட்டினார்கள். கம்பெனி பிறந்தது 1950-ல். ஆலைக்குப் பிரெஞ்சுத் தொழில்நுட்பம். 1952-ல் நேரு வந்து திறந்துவைத்தார். பக்கத்திலேயே இருக்கும் ஃபாக்ட் உரத் தொழிற்சாலையை 1943-ல் தொடங்கியது திருச்சி சேஷசாயி சகோதரர்கள். நிலக்கரி கிடைக்காத ஊரில் விறகை எரித்து வாயு எடுத்து 1947-ல் அம்மோனியம் சல்ஃபேட் செய்தார்கள்! இங்கே பிழைக்க வந்த நம்மவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கூடவே, இந்த ஆலைகளால் பெரியாறு பட்ட பாட்டையும்.

சரி, டப்பாவுக்கு வருவோம். கையடக்க ஆம்ப்ளிஃபயர் மலிவானதற்கு முக்கியக் காரணம் சூ மோய் என்பவர். 1990-களின் கடைசியில் ஒரு எளிய சர்க்யூட்டை யாரும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டார். ஒரு ஆப்-ஆம்ப் சிப், 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். எல்லாம் ஒரு பெப்பர்மின்ட் தகரடப்பாவுக்குள் அடங்கும். சென்னை ரிச்சி தெருவிலோ எர்ணாகுளம் பள்ளிமுக்கிலோ ஒரு சுற்று சுற்றினால் சாமான் சேர்ந்துவிடும். பிறகு 2007-ல் சீனாவில் தொடங்கிய ஃபியோ போன்ற கம்பெனிகள் தயார் நிலையிலேயே மலிவாக விற்க ஆரம்பித்தன.

ஆனால் தேவையா? ஹெட்போன் பெட்டியில் ஓம் என்று ஒரு எண் இருக்கும். 16, 32 என்றால் பெரும்பாலும் போனே போதும். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 மாதிரியானவைக்குத்தான் யோசிக்கவேண்டும். அதற்கும் கம்பெனி சொல்லும் கணக்கு, 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல். இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டைப்-சி டாங்கிள்களில் நல்லவை அந்த 1 வோல்ட்டைத் தந்துவிடும். (ஆப்பிள் டாங்கிள் மட்டும் பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும், கவனம்.) உலக சுகாதார அமைப்பு சொல்வதோ வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல்தான். அதற்கு மேல் சத்தம் கூட்டக் காசு கொடுப்பது காதை விற்பதற்குச் சமம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மகனின் ஹெட்போனைத் திருப்பிப் பார்த்தேன். 32 ஓம். போனில் பாதி சத்தத்திலேயே எனக்குக் காது அடைத்தது. "உனக்குப் பத்தலையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இடது பக்கம் மட்டும் கம்மியா கேக்குதுப்பா" என்றான். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் இடது காதில்தான் கம்மி.

சனிக்கிழமை காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.