குழாயும் குருதியும்: குளுக்கோமாச் சத்திரசிகிச்சை வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

குளுக்கோமாவுக்கான வடிகுழாய்ச் சத்திரசிகிச்சையின் வரலாறு, பொதுவாகக் கருவிகளின் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகின்றது. அதனைக் குருதிப்பெருக்கின் பக்கமிருந்து, கல்முனைக் கரையோரத்து நோயாளி ஒருவரின் நிலையில் நின்று நோக்குமிடத்து வேறொரு சித்திரம் புலப்படும்.

விழியினுள் ஊறும் நீருக்குச் செயற்கை வழியமைக்கும் முயற்சி பழையது. 1912இல் சோராப் என்னும் ஆங்கில வைத்தியர் பட்டு நூலொன்றை இதற்குப் பயன்படுத்தினார். 1960களின் பிற்பகுதியில் தென்னாபிரிக்காவில் அந்தனி மொல்டெனோ, மெல்லிய குழாயொன்றை விழிச்சுவரின் மேல் தைக்கப்பட்ட தகட்டுடன் இணைத்தார். இன்றைய வடிகுழாய்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

ஆனால் நீர் வடிந்தால் மட்டும் போதாது, மெதுவாக வடியவேண்டும். நெடுங்காலம் உயரமுக்கத்திலிருந்த கண்ணில் அமுக்கம் சடுதியாக வீழ்ந்தால், உட்புறத்து நுண்ணிய நாடி அறுந்து, விழிச்சுவருக்கும் அதன் உட்படைக்குமிடையே குருதி தேங்கக்கூடும். விழியின் முன்னறையிற் கசியும் குருதி பெரும்பாலும் தானே கரைந்துவிடும். அரிதாக நிகழும் இந்த உட்குருதிப்பெருக்கோ கடும் வலியோடு பார்வையையே பறித்துவிடலாம். முதுமை, உயர் குருதியமுக்கம், குருதி உறையாமைக்கான மருந்துகள், முன்னைய சத்திரசிகிச்சைகள் என்பன அபாயத்தைக் கூட்டுவன.

மொல்டெனோவுக்குப் பிந்திய வரலாறு பெருமளவு இவ்வீழ்ச்சியைத் தடுக்க முயன்ற வரலாறே எனலாம். முதலில் தகட்டைப் பொருத்தி, வாரங்கள் கழித்தே குழாயைச் செலுத்தினர். 1980களில், தானே கரையும் நூலாற் குழாயைக் கட்டிவிடும் முறை வந்தது. தகட்டைச் சுற்றி உறையொன்று வளரும் ஐந்தாறு வாரங்கள் குழாய் மூடியிருக்கும். 1993இல் வந்த அகமட் கருவி வால்வை நம்பியது. அதுவும் அபாயத்தை முற்றாக ஒழித்துவிடவில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992இல் தோன்றிய அவுரோலாப், 2013இல் தனது வடிகுழாயை வெளியிட்டது. மேலைநாட்டுக் கருவிகளின் விலையில் ஒரு சிறு பங்கே இதன் விலை. சந்தையின் தர்க்கத்துக்கு எதிரான சாதனை இது என்பதில் ஐயமில்லை. ஆயின் இது வால்வற்றது, நூலாற் கட்டப்படுவது. இத்தகைய கருவிகளில் அபாயத்தின் ஒரு பகுதி சத்திரசிகிச்சைக் கூடத்தைவிட்டு நகர்ந்து, நூல் கரையும் நாளுக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. அந்நாளில் நோயாளி இருப்பது தன் வீட்டில்.

வீடு எங்கிருக்கின்றது என்பது அப்போது மருத்துவக் கேள்வியாகிவிடுகின்றது. தேசிய கண் வைத்தியசாலை கொழும்பில் உள்ளது. கல்முனை தீவின் மறுகரை. அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். பயணமும், துணைக்குச் செல்லும் மகன் இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல.

மருதமுனையில் நெசவாளரான என் உறவினர் ஒருவருக்கு இச்சிகிச்சை நடந்தது. குனிய வேண்டாமெனச் சொல்லப்பட்டதனால் சுஜூதைத் தவிர்த்து, கதிரையில் அமர்ந்தே தொழுதார். அதில் அவர் தவறவேயில்லை. ஆறாவது வாரத்தில் ஓரிரவு கண் வலித்தபோது தலையிடி என்றெண்ணித் தைலம் பூசிப் படுத்துக்கொண்டார். வைத்தியசாலை தந்த சீட்டில் அடுத்த வருகைக்கான திகதி இருந்தது. நூல் எப்போது கரையும் என்பது எழுதப்பட்டிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் நூலோடு வாழ்ந்தவர் அவர்.