பாவு யாருடையது?

திருமலைப் பாறையில் முதலாம் இராஜேந்திரனின் வெற்றிகள் வெட்டப்பட்டுள்ளன. கங்கை வரை போன படையின் கணக்கு அதில் உண்டு. எங்கள் சேரியின் கணக்கை எவரும் கல்லில் வெட்டவில்லை. நாம் காகிதத்தைத்தான் பிடித்தோம்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. விலை பெயரிலேயே இருந்தது. ஒரு பைசா உள்ளவனும் வாசகன்தான். 1914இல் அவர் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவரது எழுத்துகளைப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது 1999இல். எண்பத்தைந்து வருஷம்! பழைய இதழ்களைச் சொந்தப் பொறுப்பில் காத்து வைத்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

இந்த வரலாற்றை மனசில் வைத்துக்கொண்டுதான் என் கட்டுரைகளை மின்னூலாக்க உட்கார்ந்தேன். 2016 கடைசியில் அமேசான் கிண்டில் தமிழ் நூல்களுக்குக் கடை திறந்தது. பதிப்பாளர் வாசலில் காத்துக்கிடக்க வேண்டாம். சாதி கேட்க ஆளில்லை. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் 'கேடிபி செலக்ட்' என்றொரு ஒப்பந்தம் இருக்கிறது. சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. இலவசமாகக்கூடக் கொடுக்க முடியாது. நிறுத்தச் சொல்லாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பதிலுக்கு, சந்தா வாசகர் படிக்கும் பக்கத்துக்குக் காசு. இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகையும் சேர்ந்தவர்களுக்குத்தான், மற்றவர்களுக்கு 35.

ஆரணியில் கூலிக்குப் பட்டு நெய்யும் என் அத்தையிடம் இதைச் சொன்னேன். "இதுல இன்னாடா புதுசு? பாவு குடுத்தவருக்குத்தான் சேலை. ஒண்ணுகூட வெளிய விக்க முடியாது. ஆனா வாரக் கூலி வந்துடும்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அங்க பட்டு அவரோடது. இங்க நூலும் உன்னுது, தறியும் உன்னுது. அப்புறம் ஏன்டா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் கேள்வி. பெயர் தெரியாத புது எழுத்தாளனுக்கு இந்த ஒப்பந்தத்தால் லாபம் உண்டு. காசு கொடுத்து வாங்கத் தயங்குபவர் சந்தாவில் புரட்டிப் பார்ப்பார். துப்பறியும் கதைக்கும் தொடர் நாவலுக்கும் 90 நாள் தரலாம். புதுப்பிப்பை நிறுத்திவிட்டு வெளியே வரலாம். ஒப்பந்தம் அச்சுப் பிரதியைக் கட்டாது என்பதையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாட்சியத்துக்கு இது பொருந்தாது. 2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நூலின் சில பிரதிகளை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. ஒரே கடையில் மட்டும் இருக்கும் எழுத்து, அந்தக் கடைக்காரர் தயவில் இருக்கும் எழுத்து.

என் தொகுப்பை 35 சதவீதத்துக்கே விட்டேன். கோப்பைக் கேட்கிற மாணவர்களுக்கு இலவசமாக அனுப்புகிறேன். வருமானம் குறையும், தெரியும். நாளைக்கு ஒருத்தர் தேடி வரும்போது நாலு வீட்டிலாவது பிரதி இருக்கணும்.