அம்மா முடிஞ்சு வச்ச துலுக்கச் சாமந்தி

புரட்டாசியில விட்ட நாத்து இப்ப மார்கழிப் பனியில வாசல் முழுக்க மஞ்சளா பூத்து நிக்குது. நீங்க செண்டுமல்லின்னு சொல்ற பூதான். எங்க அம்மாவுக்கு அது துலுக்கச் சாமந்தி.

சின்ன வயசுல அந்தப் பேரைப் பத்தி யோசிச்சதில்லை. பேருலயே சரித்திரம் இருக்குன்னு பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வெளியிலிருந்து வந்ததுக்குச் 'சீமை', 'துலுக்க' என்று சேர்த்துப் பேர் வைக்கிறது நம்ம வழக்கம். குறிஞ்சிப்பாட்டுல கபிலர் 99 பூவை அடுக்குறார். அதுல இந்தப் பூ கிடையாது. இருக்கவும் முடியாது. இதுக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. 1492-ல் கொலம்பஸ் கடல் தாண்டிப் போனதுக்கப்புறம்தான் அந்தப் பக்கத்துச் செடிகள் மற்ற நாடுகளுக்குப் போச்சு. மிளகாய் மாதிரி இதுவும் போர்த்துகீசியர் வழியா நம்ம கரைக்கு வந்துச்சுன்னு பொதுவா சொல்றாங்க.

வேடிக்கை என்னன்னா, இங்கிலீஷ்காரன் இதுக்கு வச்ச பேர் ஆப்பிரிக்கன் மேரிகோல்டு. இதோட குட்டை வகைக்குப் பேர் பிரெஞ்ச் மேரிகோல்டு. ரெண்டுமே மெக்சிகோ பக்கத்துச் செடிதான்!

மெக்சிகோவுல வருசா வருசம் நவம்பர் 1, 2 தேதிகள்ல செத்தவங்களுக்குப் படையல் போடுறாங்க. தெருவுல இருந்து படையல் வரைக்கும் இந்தப் பூவோட இதழைத் தூவி வைப்பாங்களாம். நிறத்தையும் வாசத்தையும் பிடிச்சுக்கிட்டு ஆவி வீடு வந்து சேரும்னு நம்பிக்கை. இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்ப வழியெல்லாம் நாங்க தூவினதும் இதே பூதான். அங்க கூப்பிடத் தூவுறாங்க, இங்க வழியனுப்பத் தூவுறோம்.

அம்மா ஒவ்வொரு தையிலயும் பெரிய பூவா நாலைப் பறிக்காம செடியிலயே காய விடுவாங்க. பாதி கறுப்பு, பாதி வெளுப்பா ஊசி மாதிரி இருக்கிற விதையைச் சாம்பல்ல பிசறி, பழந்துணியில முடிஞ்சு அடுக்குப்பானையில போட்டுருவாங்க. அவங்க போன வருசம் அந்த முடிச்சை நான் தேடவே இல்லை. கடையில ஒட்டுரக விதை வாங்கிப் போட்டேன். பூ பந்து மாதிரி வந்துச்சு. அதுலயே விதை எடுத்து அடுத்த வருசம் போட்டா, ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, பாதி ஒத்தை அடுக்கு. ஒட்டுரகத்தோட விதை தாய் மாதிரி வராதுங்கிறது தெரிஞ்ச விசயம்தான். இருந்தாலும் அன்னிக்குத்தான் உறைச்சுது.

நல்லவேளை, அம்மா கொடுத்த விதை சின்னம்மா வீட்டு வேலியோரத்துல உயிரோட இருந்துச்சு. கேட்டதும், "உங்க அம்மா சொத்துதான்டா, எடுத்துக்க"ன்னு ஒரு பிடி கொடுத்தாங்க. இப்ப வாசல்ல நிக்கிறது அதுதான்.

கடல் தாண்டி வந்த பூவை நம்ம பூவாக்கினது கப்பல்காரன் இல்லைங்க. வருசா வருசம் விதை முடிஞ்சு வச்ச பொம்பளைங்கதான். உங்க வீட்டுத் தொட்டியில நாட்டுச் செடி இருந்தா, இந்தத் தையில ரெண்டு பூவைப் பறிக்காம விடுங்க.