உறைகுளிரில் துறைமுக இயந்திரங்கள்: எஞ்சினைவிட எஃகுக்கே ஆபத்து அதிகம்

ரஷ்யாவின் வடபகுதியில், யெனிசெய் ஆற்றங்கரையில் துதிங்கா துறைமுகம் அமைந்துள்ளது. அங்குக் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. எனினும், நோரில்ஸ்க் சுரங்கங்களின் உலோகம் வெளியேறும் வாசல் இதுவே என்பதால், 1970-களின் இறுதி முதல் ஆண்டு முழுவதும் இங்குக் கப்பல்கள் வந்து செல்கின்றன. உறைகுளிரிலும் பளுதூக்கிகள் ஓய்வதில்லை.

கடுங்குளிரில் எஞ்சின் இயங்க மறுப்பதே பெருஞ்சிக்கல் எனப் பலரும் கருதுகின்றனர். எஞ்சின் நின்றால் பணி தாமதமாகும். எஃகு முறிந்தால் உயிர்கள் போகும். குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே சாதாரண எஃகு வளையும் தன்மையை இழக்கிறது. முன்னறிவிப்பாக வளைந்து காட்டாமல், கண்ணாடியைப் போல் திடீரெனப் பிளக்கிறது. பற்றவைத்த இணைப்பில் உள்ள சிறு கீறலே இதற்குப் போதுமானது.

1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கரையோரம் கட்டப்பட்டிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற புதிய எண்ணெய்க் கப்பல் இவ்வாறே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. அப்போது காற்றின் வெப்பநிலை மைனஸ் 3 டிகிரி மட்டுமே. புயலோ மோதலோ இல்லை.

ஆகவே, குளிர்ப் பகுதிப் பளுதூக்கிகளுக்குத் தாழ்வெப்பத்தைத் தாங்கும் எஃகு தேர்ந்தெடுக்கப்படுகிறது. நிக்கல் கலந்த எஃகு இதில் சிறந்தது. துதிங்கா வழியாக ஏற்றுமதியாகும் உலோகங்களுள் நிக்கலும் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தயாரிப்பாளர் வகுத்த வெப்பநிலை வரம்பைத் தாண்டினால் பணியை நிறுத்த வேண்டும். வரம்புக்குள்ளும் சுமையை வெடுக்கென்று தூக்குவது கூடாது. திடீர் அதிர்ச்சியே கீறலை விரிவாக்கும்.

மற்றவற்றுக்குத் தீர்வு எளிது. குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால் குளிர்கால டீசல் பயன்படுத்தப்படுகிறது. ஹைட்ராலிக் எண்ணெய் கெட்டிப்படும். எனவே சுமையின்றிச் சிறிது நேரம் இயக்கிச் சூடேற்றிய பின்னரே பளு தூக்கப்படுகிறது. மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிறது. இதற்குச் சூடேற்றும் கருவிகள் உள்ளன.

துதிங்காவில் குளிர் தணிந்தாலும் சோதனை முடிவதில்லை. வசந்தத்தில் ஆற்றின் பனிப்பாளங்கள் உடைந்து வெள்ளம் பெருகும்போது, துறைமுக மேடையே மூழ்கிவிடுகிறது. அதற்கு முன்பாகவே பளுதூக்கிகள் மேட்டுநிலத்துக்கு நகர்த்தப்படுகின்றன. வெள்ளம் வடிந்து, பனிக்கட்டியும் சேறும் அகற்றப்பட்ட பிறகே அவை மீண்டும் கரைக்குத் திரும்புகின்றன.