மழலையர் பற்சொத்தை

ஆறு வயது நிறையாத குழந்தைகளின் பால்பற்களை அரிக்கும் நோய் இது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளிடம் அதிகம் தென்படுவதால் 'புட்டிப்பால் சொத்தை' என்றும் சொல்வதுண்டு.

இதில் முக்கியப் பங்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு. 1924-இல் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். சர்க்கரையைப் பசையாக மாற்றிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் இக்கிருமி, லாக்டிக் அமிலத்தையும் சுரக்கிறது. பல்லின் மேற்பரப்பில் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் இந்த இழப்பை ஈடுகட்டும். ஆனால் தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும்; புட்டியோடு தூங்கும் குழந்தைகளுக்குச் சொத்தை அதிகம் வருவது அதனால்தான்.

கிருமி பெரும்பாலும் தாயிடமிருந்தோ வளர்ப்பவரிடமிருந்தோ உமிழ்நீர் வழியாக வருகிறது. சூடு பார்க்கத் தன் வாயில் வைத்த ஸ்பூனாலேயே குழந்தைக்கு ஊட்டுவது ஒரு வழி.

முதல் அறிகுறி, மேல் முன்பற்களில் ஈறை ஒட்டித் தெரியும் சுண்ணாம்பு வெள்ளைக் கோடு. பின்னர் அது பழுப்பேறிக் குழியாகும். கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். வெள்ளைக் கோடு நிலையிலேயே கவனித்தால் ஃபுளோரைடு பூச்சால் சரிசெய்ய முடியும்.

மூன்று வயதுவரை அரிசி அளவும், பிறகு பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று விட்டுவிடக் கூடாது. கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை.