பணியிடக் குழந்தைக் காப்பகம்

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் ஏற்பாடு; இதன் செலவை முதலாளி, அரசு, ஊரார் ஆகியோர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 1976-இல் திருத்தப்பட்டபின், 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலைகளில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 ஊழியர் கொண்ட நிறுவனங்களுக்கும் இதை விரித்தது. தாய் நாளுக்கு 4 முறை பிள்ளையைப் பார்த்துவரலாம். கூட்டு முயற்சிக்கு நல்ல சான்று, 1969-இல் மீரா மகாதேவன் டெல்லியில் தொடங்கிய ‘மொபைல் கிரெஷஸ்’. கட்டட ஒப்பந்ததாரர்களோடு சேர்ந்து வேலைத்தளத்திலேயே அது காப்பகம் நடத்தியது.

சாலவாக்கம் போன்ற உத்திரமேரூர் வட்டார ஊர்களில் வயல்வேலைக்குப் போவோரை இந்த ஆலைச் சட்டங்கள் எட்டுவதில்லை; அங்கன்வாடியும் வீட்டுப் பாட்டியும்தான் துணை. 2005-இன் நூறுநாள் வேலைச் சட்டமோ, தளத்துக்கு 5 குழந்தைகள் வந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்தச் சொன்னது.